பாவித்த காரின் விலையும் பெறுமதியும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பக்கங்களை ஊன்றி வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தும் ஆசிரிய தலையங்கத்துக்கு முன்னர் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகின்றேன். நாட்டின் பொருளாதாரம் எந்த நிலையில் இருக்கின்றது என்பதை நிதியமைச்சின் அறிக்கைகளை விடவும் அவை நேர்மையாகச் சொல்லும் என்பது எனது அபிப்பிராயம். மணமகன் தேவை, காணி விற்பனைக்கு, வாகனம் விற்பனைக்கு என்ற மூன்று தலைப்புகளின் கீழ் எமது நடுத்தர வர்க்கத்தின் ஆசைகளும் அச்சங்களும் அடங்கி விடுகின்றன. வாகன விளம்பரங்களில் பெரும்பகுதி இன்று இக்மன், ரியசெவன போன்ற இணையத்தளங்களுக்கு இடம்பெயர்ந்து விட்டது. ஆனால், விளம்பர மொழி மாத்திரம் மாறவேயில்லை.

"ஒரே உரிமையாளர்", "பெண் வைத்தியர் பாவித்தது", "வெளிநாடு செல்வதால் உடனடி விற்பனை", "எந்தப் பரிசோதனைக்கும் தயார்" என்ற வாசகங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. விளம்பரங்களில் கார் விற்கின்ற வைத்தியர்களின் தொகையைக் கூட்டிப் பார்த்தால் எமது ஆஸ்பத்திரிகளில் ஆளணிப் பற்றாக்குறையே இருக்க முடியாது.

வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கின்ற கேள்வி ஒன்றாகவே இருக்கின்றது. "இந்தக் கார் இந்த விலைக்குத் தகுமா?" ஊரிலுள்ள தம்பிக்கு வாகனம் வாங்கிக் கொடுப்பதற்காக ரொறன்ரோவில் இருந்து பணம் அனுப்புகின்ற அண்ணன் கேட்கின்றார். பணிக்கொடை கைக்கு வந்து சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்கின்றார். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் நோக்கில் லீசிங்கில் கார் எடுக்கவிருக்கும் இளைஞர் கேட்கின்றார். நான் வாகனப் பொறியியலாளன் அல்ல. ஆனால், விலை என்ற ஒன்று எவ்வாறு உருவாகின்றது என்பதைச் செய்தியாளன் என்ற முறையில் நீண்டகாலமாக அவதானித்து வந்திருக்கிறேன்.

கார் வாங்கப் புறப்படுகின்ற எவரும் முதலில் செய்கின்ற காரியம், அதே வகைக் காரை ஏனையவர்கள் என்ன விலைக்கு விளம்பரப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பது தான். பத்துப் பதினைந்து விளம்பரங்களைப் பார்த்து அவற்றுக்கு நடுவில் இருக்கும் தொகையைச் சந்தை விலை என்று முடிவு செய்து விடுகின்றார்கள். அந்த முடிவு பிழையானது. விளம்பரத்தில் நாம் காண்பது விற்பவர் விரும்புகின்ற தொகையே. உண்மையில் கைமாறிய தொகை எங்கும் பிரசுரமாவதில்லை. அத்துடன், நியாயமான விலைக்குப் போடப்படும் நல்ல கார் இரண்டு மூன்று நாட்களில் விற்றுப்போய் விடும். விலை கூடிய காரும் பழுதுள்ள காரும் வாரக்கணக்கில் விளம்பரத்தில் கிடக்கும். எனவே எந்த நாளில் பார்த்தாலும் எமது கண்ணில் படுபவற்றில் அதிகமானவை வேறு எவரும் வாங்க விரும்பாதவையாகவே இருக்கும். போதாக்குறைக்கு ஒரே காரை நான்கு தரகர்கள் நான்கு விளம்பரங்களாகப் போடுகின்றார்கள். அவற்றின் சராசரியைக் கணக்கிட்டு நாம் 'சந்தை விலை' கண்டுபிடிக்கின்றோம்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரை இந்த விவகாரத்தைப் பற்றியது. பழுதான பாவித்த காரை அமெரிக்கப் பேச்சு வழக்கில் எலுமிச்சை என்பார்கள். காரின் உண்மையான நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் பயத்தில் நடுத்தரமான ஒரு விலையையே கொடுக்க முன்வருவார். நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் சந்தையில் இருந்து விலகிக்கொள்வார். எஞ்சியிருப்பவை பெரும்பாலும் எலுமிச்சைகளே. மூன்று சஞ்சிகைகள் நிராகரித்த பின்னர் நான்காவது சஞ்சிகையில் வெளியான அந்தக் கட்டுரையின் சிந்தனைக்காக அவருக்கு 2001 ஆம் ஆண்டில் வேறு இருவருடன் சேர்த்து பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் கணிதத்தில் நிறுவியதை எமது ஊர்களில் அனுபவத்தில் காணலாம். நன்றாகப் பராமரிக்கப்பட்ட கார் விளம்பரத்துக்கு வருவது அரிது. உரிமையாளரின் மைத்துனரோ, அலுவலகத்தில் கூட வேலை செய்பவரோ அதை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார்.

இலங்கையில் இந்தப் பொது வியாதியுடன் இன்னொரு வியாதியும் சேர்ந்திருக்கின்றது. அது அரசாங்கங்கள் உருவாக்கியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960 களிலும் 1970 களிலும் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோ வைத்திருந்தவர் அதைப் பிள்ளையைப் போல வளர்த்தார். 1977 ஆம் ஆண்டில் ஜெயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பின்னர் ஜப்பானில் பாவித்த கார்கள் வந்து குவியத் தொடங்கின. 'ரீகண்டிஷன்' என்ற சொல்லும் அவற்றுடன் வந்தது. உண்மையில் அந்தக் கார்களுக்கு எவரும் எதையும் புதுப்பிப்பதில்லை. ஜப்பானில் ஓடிய கார் கழுவித் துடைக்கப்பட்டுக் கப்பலில் ஏறுகின்றது. இங்கு இன்னும் பதிவு செய்யப்படவில்லை என்பதே அதன் சிறப்பு. ஆனால், எமது மக்களின் மனதில் அது ஏறத்தாழப் புதிய கார்.

பின்னர் 2020 மார்ச்சில் கொவிட் நெருக்கடியின் மத்தியில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த ஆண்டின் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சென்றது. 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி படிப்படியாக உயர்ந்து 2024 ஜனவரியில் 18 வீதமானது. இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது சுங்கத் தீர்வை, அதன் மீது மேலதிக வரி, உற்பத்தி வரி, சொகுசு வரி, இவை எல்லாவற்றுக்கும் மேல் பெறுமதி சேர் வரி என்று அடுக்கப்பட்டன. ஜப்பானில் சாதாரண ஊழியர் வாங்கும் சிறிய கார் கொழும்புத் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது எமது ஊழியரின் எட்டாக்கனியாகி விடுகின்றது. புதிய காரின் அந்த விலையைக் காட்டித்தான் பன்னிரண்டு வருடப் பழைய காரின் விலையும் நியாயப்படுத்தப்படுகின்றது.

இதன் விளைவாக எமது சமூகத்தில் ஒரு மயக்கம் வேரூன்றி விட்டது. கார் என்பது தங்கத்தைப் போன்ற சேமிப்பு, எத்தனை வருடம் ஓடினாலும் வாங்கிய விலைக்கு மேல் விற்கலாம் என்ற நம்பிக்கையே அது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2019 ஆம் ஆண்டில் 40 இலட்சம் ரூபாவுக்கு ஒருவர் ஒரு காரை வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொலர் அப்போது சுமார் 180 ரூபா. அதாவது அவர் கொடுத்தது 22 ஆயிரம் டொலர். 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதை 60 இலட்சத்துக்கு விற்று 20 இலட்சம் இலாபம் என்று மகிழ்ந்தார். டொலர் 360 ரூபா என்ற கணக்கில் அவர் கையில் வந்தது 17 ஆயிரம் டொலருக்கும் குறைவு. தேய்ந்தது ரூபா, உயர்ந்தது காரின் பெறுமதியல்ல. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இந்தக் கணக்கு இலகுவில் விளங்கும். ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது தான் கஷ்டம்.

காரின் பெறுமதி அது செய்கின்ற வேலையில் தங்கியிருக்கின்றது என்பதை யுத்தகால யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சினும் காபரேற்றரும் கொண்ட ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் அதைத் தாங்கின. மணமக்களையும் நோயாளர்களையும் பிரேதங்களையும் அவையே சுமந்தன. அந்த மண்ணில் அந்தக் காலத்தில் நவீன காரை விட ஒஸ்ரின் பெறுமதியானதாக இருந்தது. 2002 ஆம் ஆண்டில் ஏ9 பாதை திறக்கப்பட்டு, எரிபொருளும் ஜப்பானிய வாகனங்களும் வந்து சேர்ந்ததும் கணக்கு மாறிப்போனது. கார் அதே கார் தான். அதனால் ஆகவேண்டிய தேவை தான் மாறியது.

ஆகவே, விற்பவர் கோரும் விலை தகுமா என்பதைத் தீர்மானிப்பதற்கு ஏனைய விளம்பரங்களை விட்டுவிட்டு அந்தக் காரையே வாசிக்கப் பழக வேண்டும். முதலில் ஆண்டு. எமது விளம்பரங்களில் '2014/2018' என்று இரண்டு ஆண்டுகள் இருக்கும். முதலாவது உற்பத்தி ஆண்டு, இரண்டாவது இங்கு பதிவு செய்யப்பட்ட ஆண்டு. தரகர் பேசுவது இரண்டாவதைப் பற்றி. எஞ்சின் தேய்ந்திருப்பது முதலாவதில் இருந்து. இலக்கத்தகட்டின் எழுத்துகளுக்கும் இதே மயக்கம் தான். சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு எதிராக 1957, 1958 ஆம் ஆண்டுகளில் தமிழர்கள் போராடிய வரலாறு உண்டு. இன்று இலக்கத்தகட்டின் எழுத்து புதியது என்பதற்காகவே இலட்சக்கணக்கில் கூட்டிக் கொடுக்கின்றோம்.

அடுத்தது ஆவணங்கள். பதிவுச் சான்றிதழில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால் அந்தக் கார் இன்னும் விற்பவருக்குச் சொந்தமில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டுடனும் நிதி நிறுவனத்துடனும் சரிபார்க்காமல் முற்பணம் கொடுக்கலாகாது. 'ஒரே உரிமையாளர்' என்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது. கையொப்பமிட்ட மாற்றப் படிவங்களை மாத்திரம் கைமாற்றும் 'ஓப்பன் பேப்பர்' வியாபாரத்தில் கார் நான்கு பேரிடம் போய் வந்தாலும் புத்தகத்தில் ஒரு பெயரே இருக்கும். ஜப்பானில் இருந்து வந்த கார் என்றால் அங்கு ஏலத்தில் விடப்பட்டபோது எழுதப்பட்ட ஏலத்தாளைக் கேட்க வேண்டும். தரப் புள்ளியும் ஓடிய தூரமும் எந்தப் பகுதியில் என்ன காயம் என்பதும் அதில் இருக்கும். விபத்தில் சிக்கித் திருத்தப்பட்ட காருக்கு 'ஆர்' என்ற எழுத்தை இடுவார்கள். தாளையும் போலியாகத் தயாரிக்கிறார்கள் என்பதால் செசி இலக்கத்தைக் கொண்டு சுயாதீனமாக உறுதிப்படுத்துவது அவசியம்.

பன்னிரண்டு வருடக் கார் 60 ஆயிரம் கிலோமீற்றர் மாத்திரமே ஓடியிருக்கின்றது என்றால் வருடத்துக்கு 5 ஆயிரம். அப்படியும் இருக்கலாம். ஆனால், பிறேக் மிதியின் இறப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங்கின் தோல் உரிந்து, சாரதியின் ஆசனம் அமிழ்ந்திருந்தால் மீற்றர் சொல்வதை விட அவை சொல்வதையே நம்ப வேண்டும். ரயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். கண்ணாடிகளில் ஒன்றின் குறியீடு மாத்திரம் வேறுபட்டால் அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். மட்காட்டின் ஆணிகளில் நிறப்பூச்சு உடைந்திருந்தால் அது கழற்றப்பட்டிருக்கின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கிப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. சூடேறிய பின்னரும் வெள்ளைப் புகை அடங்காவிட்டால் குளிர்விக்கும் நீர் உள்ளே செல்கின்றது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்த பின்னரும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் பின்னரும் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் பல. எனவே ஆசனப்பட்டியை முடிவு வரை இழுத்துச் சேற்றுக்கறை இருக்கின்றதா என்று பார்ப்பதும், கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பதும் இன்று கட்டாயமாகி விட்டன.

ஹைபிரிட் காரிலும் மின்சாரக் காரிலும் விலையின் பெரும் பங்கு மின்கலத்தில் இருக்கின்றது. 2011 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமாகி எமது வீதிகளை நிறைத்த டொயோட்டா அக்குவாவின் மின்கலம் பின்னாசனத்தின் கீழே இருக்கின்றது. அதற்குக் காற்று செல்லும் வழி தூசியால் அடைபட்டால் வெப்பத்தில் அதன் ஆயுள் குறையும். மின்கலத்தொகுதியில் செயலிழந்த ஒன்றிரண்டு கலங்களை மாத்திரம் மாற்றிவிட்டு 'புதிய பற்றரி' என்று விற்பவர்களும் இருக்கின்றார்கள். நிசான் லீவ் காரில் மின்கலத்தின் கொள்ளளவைக் காட்டும் கோடுகள் பன்னிரண்டு. முதலாவது கோடு மறையும்போதே கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது என்று அர்த்தம். கணினியைப் பொருத்திப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தருகின்ற, விற்பவருக்கு அறிமுகமில்லாத கராஜ் ஒன்றுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபா வீண்செலவல்ல. "எந்தப் பரிசோதனைக்கும் தயார்" என்று விளம்பரம் செய்தவர் அந்த இடத்துக்கு வர மறுத்தால் அதுவே ஒரு பரிசோதனை அறிக்கை தான்.

கண்டறிந்த ஒவ்வொரு குறைபாட்டையும் ரூபாவாக மாற்றி எழுதிய பின்னர் தான் விலை பேச வேண்டும். அதற்கும் மேலாக, காரை வைத்திருப்பதற்கு மாதம் எவ்வளவு செலவாகின்றது என்று கணக்கிட வேண்டும். 60 இலட்சத்துக்கு ஒரு காரை வாங்கி ஐந்து வருடங்களின் பின்னர் 40 இலட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். இழப்பு 20 இலட்சம். திருத்த வேலைகளுக்கு 10 இலட்சம். அந்தப் பணம் வங்கியில் இருந்தால் வருடத்துக்கு 8 வீத வட்டி என்ற கணக்கில் ஐந்து வருடங்களில் கிடைத்திருக்கக்கூடியது 24 இலட்சம். மொத்தம் 54 இலட்சம், மாதத்துக்கு 90 ஆயிரம் ரூபா. பெற்றோலும் காப்புறுதியும் இதில் சேரவில்லை. இன்னொருவர் 'மலிவு' என்று 45 இலட்சத்துக்குக் களைத்துப்போன ஒரு காரை வாங்குகின்றார். 25 இலட்சத்துக்கு விற்கின்றார். இழப்பு அதே 20 இலட்சம். மின்கலம், கியர்பெட்டி என்று திருத்தத்துக்கு 22 இலட்சம், வட்டி 18 இலட்சம். மொத்தம் 60 இலட்சம், மாதத்துக்கு ஒரு இலட்சம். 15 இலட்சம் குறைத்து வாங்கியவரே கூடுதலாகச் செலவழித்திருக்கின்றார். லீசிங்கில் வாங்குபவர் 8 வீதத்துக்குப் பதிலாக அந்த நிறுவனம் அறவிடும் வட்டியைப் போட்டுப் பார்க்கட்டும். மாதத்தில் நான்கு நாட்கள் மாத்திரம் காரில் செல்கின்ற குடும்பம், அந்த 90 ஆயிரம் ரூபாவுக்கு எத்தனை தடவை வாடகைக் காரில் போய் வரலாம் என்று யோசிக்கட்டும். முற்றத்தில் கார் நிற்பது மதிப்பு என்று நினைப்பவர்கள் அந்த மதிப்புக்கு மாதாந்தம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதையாவது அறிந்து வைத்திருக்க வேண்டும்.

தனிமனிதர் எவ்வளவு தான் விழிப்பாக இருந்தாலும் போதாது. இந்தச் சந்தையில் தகவல்கள் இல்லாமல் இல்லை, அவை வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை என்பதே பிரச்சினை. விபத்தில் முழுச் சேதம் என்று எந்தக் கார் கணக்குத் தீர்க்கப்பட்டது என்பது காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரியும். யாரிடம் கடன் நிலுவை என்பது நிதி நிறுவனத்துக்குத் தெரியும். பிரித்தானியாவில் வாழும் எமது வாசகர்கள் இலக்கத்தகட்டின் இலக்கத்தைக் கொடுத்து, ஒரு காரின் வருடாந்தப் பரிசோதனை முடிவுகளையும் அந்தந்த நாளில் மீற்றர் காட்டிய தூரத்தையும் அரசாங்க இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கின்றார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தனிப்பட்ட முறையில் கார் விற்பவர், அதன் பதிவு வரலாற்றையும் கடன் பொறுப்புகளையும் காட்டுகின்ற அரசாங்கத் தகவல் கோவையை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். இலங்கையிலும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகக் கார்கள் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குச் செல்லத்தானே செய்கின்றன? அன்றைய தினம் மீற்றர் காட்டும் தூரத்தை எவரும் பார்க்கக்கூடியதாக வெளியிடுவதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. முழுச் சேதமான வாகனங்களின் செசி இலக்கங்களைப் பகிரங்கப்படுத்துவதற்குப் புதிய கட்டிடமோ புதிய திணைக்களமோ தேவையில்லை. ஒவ்வொரு காரிலும் பல இலட்சம் ரூபாவை வரியாக வாங்கிக்கொண்ட அரசாங்கத்திடம் மக்கள் கேட்பது இந்தச் சிறிய உதவியைத் தான். கேட்க வேண்டியவர்கள் உரத்துக் கேட்கவில்லை என்பதும் உண்மை. வாகன வரியைப் பற்றிப் பாராளுமன்றத்தில் நேரம் செலவிடுபவர்கள் பாவித்த கார் வாங்குபவரின் பாதுகாப்பைப் பற்றியும் சிறிது நேரம் பேசினால் நல்லது.

அதுவரையில் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது தான். முப்பத்தைந்து வருடங்கள் வகுப்பறையில் நின்று உழைத்தவரின் பணிக்கொடை, பனியில் இரண்டு வேலை செய்து ஒருவர் அனுப்பிய டொலர், ஓர் இளைஞர் இன்னும் உழைக்காத ஐந்து வருட உழைப்பு ஆகியவையே இந்தச் சந்தையில் கைமாறுகின்றன. "நாளைக்கு வேறு ஆள் வருகிறார், இன்றைக்கே முற்பணம் தாருங்கள்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த வேறு ஆளே அதை வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். கார்கள் இன்னும் வரும். போன பணம் திரும்பி வராது.